பாகன் இல்லாத தேர்

பொருள் தேடியோ போர்த்தொழில் முடித்தோ நெடுநாள் கழித்து இல்லம் நோக்கி மீளும் தலைவன், சங்கப் பாடல்களின் முல்லைத் திணையில் பெரும்பாலும் தனியே வருவதில்லை. தேரில் அவனோடு ஒரு பாகன் இருக்கிறான். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் ‘தேர்வியங்கொண்ட பத்து’ என்றே ஒரு பத்து உண்டு. அதில் தலைவன் தன் ஆவலையெல்லாம் அப்பாகனிடமே சொல்லித் தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான். அகநானூற்றின் 384ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். ஊர் வந்துவிட்டது, இறங்கலாம் என்று பாகன் சொன்னபோது, இத்தனை வழியையும் எப்படிக் கடந்தோம் என்றே தெரியாமல் திகைத்த தலைவன், தேரில் காற்றைத்தான் பூட்டினாயோ என்று வியந்து, அவனை மார்புறத் தழுவி, வீட்டுக்குள்ளும் உடன் அழைத்துச் செல்கிறான். காத்திருந்த தலைவிக்கு அன்று கணவன் மட்டுமல்லாமல் விருந்தும் கிடைத்தது என்று பாடல் முடிகிறது.

இந்த விருந்தைப் பற்றி நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். பல மாதம் பிரிந்திருந்த இருவர் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் எதற்கு என்று நம் காலத்து மனம் கேட்கக்கூடும். ஆனால் பாசறையில் தலைவன் எப்படி இருந்தான், எந்த இரவில் உறங்கவில்லை, எந்த மழையைக் கண்டு மனம் கலங்கினான் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவன் அந்தப் பாகன் ஒருவனே. அவன் இலையில் அமர்ந்து உண்ணும்போது, தலைவியின் கண்ணுக்கு எட்டாமல் போன அந்த மாதங்கள் அனைத்தும் அவனோடு வீட்டுக்குள் வந்து அமர்கின்றன. தலைவன் தானே சொன்னால் அது வெறும் சொல். பாகன் தலையசைத்தால் அதுவே சாட்சியம். கடல் கடந்து செல்லும் பிரயாணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் சொல்லுவதையும் இதனோடு சேர்த்து நினைத்தால், தமிழன் கடல் கடந்த நாள் முதலாகவே அவனுடைய அக்கரை வாழ்வு இல்லத்தாரின் கண்ணுக்கு மறைந்த வாழ்வாகவே இருந்துவந்தது விளங்கும்.

நெடுங்காலம் பிறதேசத்தில் வாழ்ந்துவிட்டு, உடன் வருவார் எவருமின்றி ஒற்றை ஆளாய் ஊர் திரும்புகிறவனுடைய நிலை என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரம். போவதைப் பற்றி நம்மவர் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பிரிவாற்றாமையைப் பாடிய மொழி நம்முடையது. திரும்புவதை மட்டும் எளிய காரியம் என்று விட்டுவிட்டோம். பிறந்த ஊருக்குப் போவதில் கஷ்டம் என்ன இருக்கிறது என்பது பொது அபிப்பிராயம். இது தவறு என்று காட்டிய அறிஞர்கள் மேல்நாட்டில் உண்டு.

1688இல் பேசல் நகரத்து வைத்திய மாணவரான யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர், ஊரைவிட்டு வந்த ஸ்விஸ் நாட்டவரைப் பீடித்த ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதி ஆய்ந்து, ‘மீட்சி’ ‘வேதனை’ என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். நோய்க்கு மருந்து ஊர் திரும்புதலே என்பது அவர் கொள்கை. 1885இல் குடிபெயர்ச்சியின் விதிகளை வகுத்த ராவன்ஸ்டைன், ஒவ்வொரு பெருக்குக்கும் ஓர் எதிர்ப்பெருக்கு உண்டு என்று கணக்காகச் சொன்னாரேயன்றி, அந்த எதிர்ப்பெருக்கில் மிதந்து வருகிறவன் மனத்துக்குள் புகவில்லை. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்த ஆல்ஃபிரட் ஷுட்ஸ்தான் 1945இல், யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ‘வீடு திரும்புகிறவன்’ என்ற கட்டுரையில் விஷயத்தின் மூலத்தைத் தொட்டார். புதிய நாட்டுக்குப் போகிறவன் அங்கே எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தே போகிறான். வீடு திரும்புகிறவனோ எல்லாம் பழையபடியே இருக்கும் என்று நம்பி வருகிறான். ஆகவே ஏமாற்றம் பின்னவனுக்கே அதிகம் என்றார். வீட்டாரும் மாறிவிட்டனர், அவனும் மாறிவிட்டான், இரு தரப்பாரும் மற்றவரைப் பழைய உருவத்திலேயே மனத்தில் வைத்திருக்கின்றனர்.

பின்வந்தவர்கள் இதற்கு வரைபடம் போட்டார்கள். அன்னிய நாட்டில் குடிபுகுகிறவனுடைய மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 1963இல் கல்லஹார்ன் தம்பதியர், வீடு திரும்பிய பிறகும் இதே ஏற்றத்தாழ்வு மறுபடி ஒருமுறை நிகழ்கிறது என்று காட்டினர். அமெரிக்காவிலிருந்து தென் இத்தாலிக்குத் திரும்பிய குடியானவர்களை ஆராய்ந்த பிரான்செஸ்கோ சேராசே 1974இல், தோற்றுத் திரும்புவோர், பழைய வாழ்வையே நாடித் திரும்புவோர், முதுமையில் ஓய்வுக்குத் திரும்புவோர், புதியது செய்யத் திரும்புவோர் என நால்வகையாகப் பிரித்தார். எல்லாம் உபயோகமான ஆராய்ச்சிகளே. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை திரும்புகிறவனையும் வீட்டையும் மட்டுமே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கின்றன. மாசாத்தியாருக்குத் தெரிந்த அந்த மூன்றாவது ஆள், பார்த்துக்கொண்டிருந்தவன், இந்த வரைபடங்களில் இல்லை. தனியே திரும்புகிறவனுக்கும் கூட்டமாகத் திரும்புகிறவனுக்கும் உள்ள பேதமே அந்த ஆளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. ஒரு மனிதனுடைய அக்கரை வருஷங்கள் ஊரில் உண்மையாக நிலைபெற வேண்டுமானால், அங்கே அவனைக் கண்டவர் ஒருவரும், இங்கே அவனை முன்பு அறிந்தவர் ஒருவரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அவ்வருஷங்கள் சிறுகச் சிறுகக் கரைந்து, கடைசியில் கொண்டுவந்த பணமும் பெட்டியுமாக மட்டும் எஞ்சிவிடுகின்றன.

ஹோமரின் யுலிஸிஸ் கதை இதற்கு ஒரு பாதி உதாரணம். இருபது வருஷம் கழித்து, கூட்டாளிகள் அனைவரையும் இழந்து, அன்னியரின் கப்பலில் உறங்கியபடியே கொண்டுவந்து கரையில் கிடத்தப்பட்ட அவனுக்கு, கண் விழித்ததும் தன் இதாகா தீவே அடையாளம் தெரியவில்லை. ஆனால் இக்கரையில் அவனுக்குச் சாட்சிகள் இருந்தனர். கிழநாய் அறிந்துகொண்டது. செவிலி காலில் இருந்த வடுவைத் தடவி அறிந்தாள். மனைவி கட்டிலின் ரகசியத்தைக் கேட்டு அறிந்தாள்.

இரண்டு பக்கமும் சாட்சி இழந்தவர் கதை வேண்டுமானால் இபின் பதூதாவைப் பார்க்க வேண்டும். 1325இல், இருபத்தொரு வயதில், தாஞ்சியர் நகரிலிருந்து துணையின்றித் தனியே புறப்பட்ட அந்த மொராக்கோ நாட்டவர், மக்கா முதல் டில்லிவரை சுற்றி, நம் மதுரைச் சுல்தானகத்துக்கும் வந்து, அவ்வூர்ச் சுல்தானுக்குச் சகலை முறையும் ஆகி, மாலத்தீவு, சீனம் எல்லாம் கண்டு, இருபத்துநான்கு வருஷங்கள் கழித்து 1349இல் நாடு திரும்பினார். திரும்பும் வழியில் டமாஸ்கஸ் நகரில் தம் தந்தை பதினைந்து வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டார். அதாவது, பதினைந்து வருஷ காலம் அவர் மனத்தில் உயிரோடு வைத்திருந்த தந்தை உலகத்தில் இல்லை. பிறகு சொந்த நாட்டு எல்லைக்குள் வந்தபின், ஊருக்குச் சில நாள் பயண தூரத்தில், தாயும் அண்மையிலே கொள்ளைநோயில் இறந்துபோனாள் என்ற செய்தி வந்தது. தாஞ்சியருக்குப் போனபோது அவர் கண்டது கல்லறையை. சிறுவனாய் அவரை அறிந்த இரண்டு கண்களும் மூடிவிட்டன.

அக்கரைச் சாட்சியோ அதைவிட மோசம். அவர் கண்ட நாடுகளைக் கண்ட வேறொருவர் ஃபெஸ் நகரத்து அரசவையில் இல்லை. இந்தியத் தேசத்து அரசனின் செல்வத்தையும் வள்ளன்மையையும் அவர் விவரித்தபோது, சபையார் தமக்குள் இவர் பொய் சொல்கிறார் என்று முணுமுணுத்தனர் என இபின் கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எழுதியிருக்கிறார். தாமும் அந்தச் சந்தேகத்தோடு ஒரு மந்திரியிடம் போய்ச் சொன்னதாகவும், அம்மந்திரி தாம் காணாததைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம் என்று எச்சரித்து ஓர் உவமைக் கதை சொன்னதாகவும் இபின் கல்தூனே ஒப்புக்கொள்கிறார். சிறையில் தகப்பனோடு வளர்ந்த ஒரு பையன், தான் உண்ணும் இறைச்சி எந்தப் பிராணியுடையது என்று கேட்க, தகப்பன் ஆட்டை எவ்வளவுதான் வர்ணித்தாலும், சிறையில் எலியைத் தவிர வேறு பிராணியைப் பாராத அந்தப் பிள்ளை, அதுவும் ஒருவகை எலிதானே என்று கேட்டானாம். தனியே திரும்பியவன் பேசும்போதெல்லாம் எதிரே இருக்கும் ஊர், அன்போடுதான், அந்தப் பிள்ளையைப் போல எலியையே நினைத்துக்கொள்கிறது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். நகரத்தார் சமூகத்தார் இந்த விஷயத்தில் காட்டிய விவேகம் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குப் போன வட்டிக்கடை ஏஜென்டுகள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார்கள். மனைவி மக்களை உடன் கொண்டுபோவது வழக்கம் அல்ல. ஆயினும் அவர்கள் தங்கியது ‘கிட்டங்கி’ எனப்பட்ட பொது இடத்தில். ஒரே கூரையின் கீழ், ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியின் முன் தரையில் அமர்ந்து வியாபாரம் செய்ய, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிப்படியாய் ஆட்கள் சூழ்ந்திருக்க, எல்லோரும் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். ஆகவே தவணை முடித்து, அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஒருவர் தனியாகவே கப்பல் ஏறினாலும், அவருடைய ரங்கூன் வாழ்வைக் கண்ணால் கண்ட நாலு பேர் காரைக்குடிப் பக்கத்தில் முன்னமே திரும்பியிருப்பார்கள், பின்னாலும் வருவார்கள். அவர் சொல்லாததையும் ஊர் அறிந்திருக்கும். அது சில சமயம் உபத்திரவமாக இருந்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பொய்யர் ஆகவில்லை, அந்நியரும் ஆகவில்லை.

கப்பலும் அவ்வாறே ஒரு காரியத்தைச் செய்தது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்று, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் போய்வந்த ‘ரஜுலா’வை நம்மவர் மறக்கமாட்டார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்த கப்பல் அது. மேல்தட்டில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்ட பிரயாணி, பினாங்கை விட்டபின் நாட்கணக்காகக் கடலையும் பக்கத்துப் பாய்க்காரரையுமே பார்த்திருக்க வேண்டும். தனியே ஏறினவர்கூட அந்நாட்களில் தம் கதை முழுவதையும் யாரோ ஒருவரிடம் சொல்லி, அவர் கதையையும் கேட்டு, நாகப்பட்டினத்தில் இறங்கும்போது தாம் இனி யார் என்பதை ஒருவாறு பழகிக்கொண்டு இறங்கினார். இன்றைய விமானம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது. காலையில் ஒருவனாக இருந்தவன் மத்தியானத்தில் வேறொருவனாக இருக்க வேண்டும். வேகத்தை நான் குறை சொல்லவில்லை. தாய் சாகக் கிடக்கும்போது வேகம் பெரிய வரம். ஆனால் டெக்கில் விரித்த அந்தப் பாய் ஒரு பள்ளிக்கூடம், அது மூடப்பட்டுவிட்டது. ‘ரஜுலா’வுக்குப் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985இல் தீ விபத்துக்கு உள்ளாகி, அத்தோடு அந்தக் கடல்வழி நம்மவருக்கு முடிந்துபோயிற்று.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மலாய் நாட்டில் பல வருஷம் இருந்து நான் தனியே திரும்பிய மூன்றாம் நாள், கடைத்தெருவில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அம்மாள், இன்னும் கால் கிலோ போடலாமா என்று கேட்டபோது, என்னை அறியாமலே ‘பொலே’ என்று வந்துவிட்டது. ஆகட்டும் என்பதற்கு அந்த நாட்டில் வாய்க்கு வாய் வரும் சொல். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார், நான் ‘போடுங்கம்மா’ என்றேன், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சொல் வழுக்கி விழுந்ததைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்து வாழ்வும் ஒரு சொல்லாய் வெளியே வந்து, கேட்பாரின்றித் தரையில் கிடந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவும் முடியாது; சொன்னால் விளக்க வேண்டும்; விளக்கினால் அது அதுவாக இராது.

கூட்டமாகத் திரும்பினவர்களின் வரலாறு வேறுவகைத் துயரம். தென்னாப்பிரிக்க அரசும் இந்திய அரசும் 1927இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஊர் திரும்பச் சம்மதித்த வயதுவந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுன் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வாறு வந்தவர்களின் கதியைப் பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931இல் ஓர் அறிக்கையாக எழுதினர். பல குடியேற்ற நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில், சொந்தக் கிராமமும் ஏற்காமல், போன நாட்டுக்கே மறுபடி கப்பல் கிடைக்குமா என்று ஏங்கிக் கிடந்தார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ, இலங்கையில் குடியுரிமையின்றி நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று வைத்தது. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய அந்த மலைநாட்டு மக்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் பாராதவர் எதற்குத் திரும்பினார் என்று அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே இந்தியாக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள், நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். ஆயினும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் ஒருவர்க்கொருவர் சாட்சியாக இருந்தார்கள். எந்த டிவிஷனில் எந்த லயத்தில் இருந்தோம், எந்தக் கோயில் திருவிழாவில் யார் காமன் கூத்து ஆடினார் என்பதையெல்லாம் சேர்ந்து நினைவுகூர ஆள் இருந்தது.

பர்மாவிலிருந்து வந்தவர்களிடமும் இதுவே. 1964இல் அங்கே கடைகள் தேசியமயமாகி, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாதென அறிவிக்கப்பட்ட பின் வெறுங்கையோடு வந்தவர்கள், சென்னையில் பர்மா பஜாரை உண்டாக்கி, அத்தோ என்னும் பர்மியப் பலகாரத்தையும் பாரிமுனையில் நிலைநிறுத்தினர். சிலர் மனம் பொறுக்காமல் பர்மாவுக்கே திரும்பிவிடத் துணிந்து மணிப்பூர் எல்லைவரை போய், மறுபுறத்தார் தடுத்ததனால் மோரே என்னும் எல்லையூரில் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்க் கோயிலும் தமிழ்த் தெருவும் இன்றும் இருக்கின்றன. வீடு எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அவர்கள் கால்கள் சொன்ன பதில் அது.

இவர்களிடையே, தனியே திரும்பிய ஒருவரை நான் மிகுந்த மரியாதையுடன் எண்ணுவேன். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போன ப. சிங்காரம், அங்கேயே மணந்து, மனைவியையும் குழந்தையையும் முதற்பிரசவத்திலேயே பறிகொடுத்து, யுத்தமும் ஜப்பானியர் ஆட்சியும் கண்டு, 1946இல் தாயகம் திரும்பினார். மீண்டும் மணக்கவில்லை. மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றில் பல பத்தாண்டுகள் ஒற்றையாக வாழ்ந்தார். அவருடைய மேடான் வீட்டைக் கண்டவர், அந்த அம்மையாரின் முகம் அறிந்தவர், மதுரையில் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யைப் படிக்கிறவர்கள், அதில் மேடான் தெருக்களும் பினாங்குத் தெருக்களும் கடைகடையாக, பெயர்பெயராக வரிசை பிசகாமல் எழுந்து நிற்பதைக் கண்டு அதிசயப்படுவார்கள். அது வெறும் வர்ணனைத் திறமை என்று நான் எண்ணவில்லை. சாட்சி இல்லாத மனிதர் ஒருவர் தாமே பிரமாண வாக்குமூலம் எழுதிவைத்தது என்றே எண்ணுகிறேன். அவ்வளவு துல்லியம் வேறு எதற்காக? இதிலும் ஒரு விசித்திரம்: அந்த நாவலின் நாயகன் பாண்டியன் ஊரை நினைத்து நினைத்து உருகுகிறான், ஊர் வந்து சேர்வதில்லை. வந்து சேர்ந்தவர் எழுதிய கதை அது.

இன்றைய நிலைக்கு வருவோமானால், 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுக் குடிபெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவரை ஏறத்தாழ 22 லட்சம் என்று மதிப்பிட்டது. இவர்களில் வளைகுடாத் தேசங்களில் உழைப்பவர்கள் ஏதோ ஒருநாள் திரும்பியே ஆகவேண்டியவர்கள். அந்நாடுகளின் சட்டம் அவர்களைக் குடிகளாக ஏற்பதில்லை. பழைய கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் ‘சபுராளி’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். சபரிலேயே, அதாவது பிரயாணத்திலேயே, வாழ்கிறவர் என்று பொருள். அந்த ஊர்களில் தெருவுக்குப் பாதிப்பேர் சபுராளிகள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியும். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்து உள்கிராமம் ஒன்றிலிருந்து ஏஜென்ட் மூலமாகத் தனியே போய், வேற்று மொழிக்காரர் பதினொருவரோடு ஒரு கேம்ப் அறையில் பத்து வருஷம் கழித்துவிட்டு வருகிறவருக்கு அந்தத் தெரு இல்லை. திருச்சி விமான நிலைய வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் முகத்தில் முதலில் தெரிவது சந்தோஷம் அல்ல, தேடல். யார் வந்திருக்கிறார்கள், தம்மைத் தெரிகிறதா என்ற தேடல். அந்தப் பெட்டியில் தைலமும் பேரீச்சம்பழமும் போர்வையும் இருக்கும். அவற்றை ஆடம்பரம் என்று ஏசுவோர் உண்டு. அவர் பேச்சால் கொண்டுவர முடியாத பத்து வருஷங்களுக்கு அவைதாம் அத்தாட்சி. வேறு என்ன கொண்டுவர இயலும்?

ஊரில் அவரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘லீவு எத்தனை நாள்?’ என்பது. அன்பாகவே கேட்கிறார்கள். ஆனால், ‘கேன்சல் பண்ணிட்டு ஒரேயடியா வந்துட்டேன்’ என்று அவர் சொன்னதும் ஒரு கணம் எல்லோரும் பேச்சற்று நிற்கிறார்கள். திரும்பிப் போவதற்காக வந்தவனுக்குத்தான் ஊரில் மதிப்பு. தங்குவதற்காக வந்தவன் எங்கே தோற்றான், என்ன செய்தான் என்ற சந்தேகம் அந்தக் கணத்தில் பிறந்துவிடுகிறது. இல்லை என்று சொல்ல ஒரு பாகன் வேண்டுமே, அவன் எங்கே? கொரோனா கொள்ளைநோயின்போது, 2020 மே 7 முதல் விசேஷ விமானங்களில் திரும்பினவர்களோ, வாசலில் தேடவும் முகம் இன்றி, நேரே தனிமைப்படுத்தும் அறைக்குப் போனார்கள்.

பெண்கள் விஷயத்தில் இது கொடுமையாகவே முடிகிறது. வளைகுடா வீடுகளில் வேலைக்குப் போகும் பெண்கள், கேம்ப் அறையில்கூட அல்லாமல், அன்னியர் வீட்டுச் சுவர்களுக்குள்ளே ஒற்றையாய் வருஷங்களைக் கழிக்கிறார்கள். அவர்களைக் காக்கும் பொருட்டு, குறைந்த கல்வியுடைய பெண்கள் முப்பது வயது நிரம்பாமல் அவ்வேலைக்குச் செல்லலாகாது என்று நம் அரசு விதி செய்திருக்கிறது. போகும் வயதைப் பற்றி விதி உண்டு. திரும்பியபின் அவள் சொல்லை நம்ப வேண்டும் என்று விதி செய்ய யாரால் இயலும்? அவள் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே, அங்கே அவள் எப்படி இருந்தாளோ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆணின் சாட்சியற்ற வருஷங்களை ஊர் மறந்துவிடுகிறது. பெண்ணின் சாட்சியற்ற வருஷங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. அயலகத் தமிழர் நலனுக்குச் சட்டமும் துறையும் ஏற்பட்டிருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் திரும்பி வந்தவர்கள் தங்களுக்குள் சந்தித்துப் பேசுவதற்கு, ஒன்றியம்தோறும் ஓர் இடமாவது அமைக்கப்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். கடன் உதவியைவிட அது அற்பமான செலவு. ஒரே ஊரில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டால் போதும்.

இந்த விசாரத்தில் என் நெஞ்சைவிட்டு நீங்காதவர் சீன யாத்ரீகர் பாஹியான். 399இல் சாங்கான் நகரிலிருந்து பௌத்த விநய நூல்களைத் தேடித் தோழர் சிலருடன் புறப்பட்டார். வழியிலே சிலர் திரும்பினர். ஒருவர் பனிமலையில் மாண்டார். பாடலிபுத்திரம் வரை வந்த கடைசித் தோழரோ, இந்தத் தேசத்துத் துறவியரின் ஒழுக்கத்தைக் கண்டு, இனி இங்கேயே இருப்பேன் என்று தங்கிவிட்டார். ஆகவே பாஹியான் தனியே ஈழநாட்டுக்கு வந்தார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஒருநாள், பச்சைக்கல்லால் ஆன புத்தர் திருமேனியின் பக்கத்தில், ஒரு வணிகர் காணிக்கையாக வைத்திருந்த வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டார். அது சீனத்து விசிறி. மலையும் ஆறும் மரமும் செடியும் பழகாதனவாய், உடன் வந்தோர் பிரிந்தும் இறந்தும் போக, தம் நிழலன்றித் துணையற்று இத்தனை வருஷம் திரிந்தவர், அந்த விசிறியைக் கண்டதும் தம்மை மறந்து கண்ணீர் வடித்ததாகத் தம் நூலிலே எழுதியிருக்கிறார். புத்தரின் திருமேனி தராத கண்ணீரை விசிறி தந்தது என்று சொல்ல ஒரு துறவி வெட்கப்படவில்லை. என்னைப் போன்றவனுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

பிறகு இருநூறு பேருக்கு மேல் ஏறிய வணிகக் கப்பலில் புறப்பட்டு, புயலில் அலைப்புண்டு, சாவகத்தில் ஐந்து மாதம் தங்கி, வேறு கப்பல் ஏறினார். அதுவும் புயலில் சிக்கியபோது, இந்தப் பிக்ஷுவால்தான் இந்த ஆபத்து, இவரை ஏதாவது தீவில் இறக்கிவிடுவோம் என்று சக பிரயாணிகள் சிலர் பேசினர். அவருக்கு ஆதரவாக நின்ற ஒரே ஒருவரால் தப்பினார். குடிநீரும் உணவும் தீரும் நிலையில், எழுபது நாளுக்கு மேல் திசையறியாது ஓடி, 412இல் ஒரு கரையை அடைந்தார்கள். கரையில் முளைத்திருந்த ஒரு கீரைச் செடியைக் கண்டு, இது சீன நிலமே என்று அவர் ஊகித்தார். ஆனால் எந்தப் பகுதி என்று கப்பலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிறு படகில் ஆள் அனுப்பி, அகப்பட்ட வேடர் இருவரை அழைத்துவந்து, பாஹியானை அவர்களோடு பேசி விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்நியக் கப்பலையும் அதிலிருந்த மனிதர்களையும் கண்டு அவ்விருவரும் வெலவெலத்துப் போயிருந்தனர். ஆதலால் அந்தத் துறவி, பதின்மூன்று வருஷத்துக்குப்பின் தம் நாட்டவர் முன் நின்று, முதலில் அவர்களுக்கு அச்சம் தெளிவித்தார். பிறகு மெல்ல, தம் தாய்மொழியிலேயே, இது எந்த நாடு என்று கேட்டார்.